பேரனுக்காகப் பேசப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. வியாழக்கிழமை தலைமையாசிரியரும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரும் பேரனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். நீ சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாமே. பயப்படாதே. அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்யும் கூட்டம் அது. அந்த முடிவில் உன் பேச்சும் இருக்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு நோட்டை எடு. அவனுக்கு வருவதை முதலில் எழுது. வைகாசித் திருவிழாவில் வரதர் எந்த நாள் எந்த வாகனத்தில் வந்தார் என்று வரிசை பிசகாமல் சொல்கிறான். தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்தால் அரக்கு நூலையும் குங்கும நூலையும் பார்த்ததுமே பிரித்து வைக்கிறான். அதே பிள்ளைதான் பாடப்புத்தகத்தில் மூன்று வரி வாசிக்கத் திணறுகிறான். பலகையைப் பார்த்து எழுதினால் பாதி வரியை விட்டுவிடுகிறான். "படிப்பு ஏறவில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் ஆசிரியருக்கு ஒன்றும் பிடிபடாது. எங்கே தடுக்குகிறது, எவ்வளவு நேரத்தில் சோர்கிறான், வாயால் கேட்டால் பதில் வருகிறதா என்று பிரித்து எழுது. அவனுடைய பழைய நோட்டுகளையும் கண், காது பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோ.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அதைச் சீக்கிரமே கண்டறிந்து, பிள்ளைக்கு ஏற்றபடி கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்வது பள்ளியின் கடமை என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். நிதானமாகக் கேள்: முன் வரிசையில் இடம், பலகையைப் பார்த்து எழுதுவதில் குறைப்பு, சில கேள்விகளுக்கு வாய்மொழிப் பதில். சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார், காலாண்டுத் தேர்வுக்குள் அவன் எதைக் கற்க வேண்டும், அடுத்த கூட்டம் எப்போது என்பதையும் கேள். இவற்றையெல்லாம் சேர்த்து எழுதும் திட்டத்தைத் தனிநபர் கல்வித் திட்டம் என்பார்கள். பேசியதை எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்.

மருத்துவச் சான்று வாங்கச் சொன்னால் தயங்காதே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஓர் ஆளோ வேண்டுமென்றால் அந்தச் சான்று இல்லாமல் நடக்காது.

மாப்பிள்ளையையும் அழைத்துப் போ. தறி அரை நாள் நின்றால் கூலி குறையும், தெரியும். ஆனாலும் அப்பாவும் வந்து உட்கார்ந்தால் பேச்சுக்குக் கனம் கூடும். நாளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பிலும் அவருக்குப் பங்கு இருக்கும். பிள்ளையை எதிரில் நிறுத்தி அவன் குறைகளை அடுக்காதீர்கள். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் சொந்தக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: "எழுத்து வராவிட்டால் என்ன, கோர்வை இழுக்க உட்கார வை." நெசவு நம்மைச் சோறு போட்டு வளர்த்த தொழில், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் படித்துவிட்டு அவனாக விரும்பித் தறிக்கு வருவது வேறு, படிப்பை மறித்து நாம் தள்ளிவிடுவது வேறு. 14 வயது வரை அவனுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உண்டு என்று 2009ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. யார் சொன்னாலும் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் பெரியம்மா