பத்து நிமிடத்தில் சரியானாலும் அவசரம்தான்

கை திடீரென்று துவண்டு டம்ளர் நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, நாக்கு குழறுகிறது. வீடே பதறுகிறது. கால் மணி நேரத்தில் கை பழையபடி தூக்க வருகிறது, பேச்சும் தெளிந்துவிடுகிறது. அதன் பிறகு பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: சூடாக ஒரு காபி, கொஞ்சம் ஓய்வு, “ராத்திரி சரியாத் தூங்கல, அதான்” என்று ஒரு சமாதானம். மருத்துவமனைக்குப் போகும் பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. பக்கவாதம் பற்றி நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்து உறுதியாகச் சொல்கிறேன்: தானாகச் சரியான பக்கவாதத்துக்கும், சரியாகாத பக்கவாதத்துக்குக் காட்டும் அதே அவசரத்தைக் காட்ட வேண்டும்.

காரணம் எளிது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு சின்ன ரத்தக்கட்டி அடைக்கிறது. பிறகு தானே கரைந்தோ உடைந்தோ வழிவிடுகிறது. கட்டி போய்விட்டது, ஆனால் அது புறப்பட்ட இடம் அப்படியேதான் இருக்கிறது. அந்த இடம் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பாக இருக்கலாம், தாறுமாறாகத் துடிக்கும் இதயமாக இருக்கலாம், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வாகவும் இருக்கலாம். அடுத்த கட்டி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை டாக்டர்கள் ‘டிஐஏ’ என்கிறார்கள், நாம் ‘மினி ஸ்ட்ரோக்’ என்கிறோம். பெயரில்தான் மினி. அறிகுறி முழுவதும் மறைந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எம்ஆர்ஐ எடுத்தால் மூளைத் திசு செத்த தடயம் தெரிகிறது.

கலிஃபோர்னியாவில் அவசரப் பிரிவுகளுக்கு இப்படி வந்த 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-இல் வெளியானது. 90 நாட்களுக்குள் அவர்களில் 180 பேருக்கு முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதிப் பேருக்கு வந்தது முதல் இரண்டே நாட்களில். “திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாம்” என்று சனிக்கிழமை சொல்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இதிலும் ஒரு நியாயமான கேள்வி எழும்: பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே, எல்லோரையும் ஏன் ஓட வைக்க வேண்டும்? அந்தப் பத்தாவது ஆள் யார் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்பது ஒரு பதில். ஓடினால் பலன் உண்டு என்பது அதைவிட வலுவான பதில். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழு செய்த ஆய்வு 2007-இல் வந்தது. முதல் கட்டத்தில் நோயாளிகளை முறைவைத்துப் பார்த்து, மருந்தை அவரவர் குடும்ப மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் மருந்து கைக்கு வரப் பலருக்கும் மூன்று வாரம் வரை ஆனது. அடுத்த கட்டத்தில் பார்த்த அன்றே மருந்தைத் தொடங்கினார்கள். 90 நாளில் மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தார்கள். இது முன்–பின் ஒப்பீடு, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்று குறை சொல்லலாம், சரியான குறைதான். ஆனால் சீனாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுத்த சோதனையும் (2013) அதே திசையைத்தான் காட்டியது: தனி ஆஸ்பிரினில் 11.7 சதவீதம், இரண்டும் சேர்ந்தபோது 8.2 சதவீதம்.

“அப்படியானால் வீட்டிலேயே ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதாதா?” தொடக்க நாட்களில் கிடைக்கும் பாதுகாப்பில் பெரும்பங்கு ஆஸ்பிரினுடையதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் கையில் இன்னும் கொஞ்சம் பலவீனம் இருந்தால், அது அடைப்பா ரத்தக்கசிவா என்று சிடி ஸ்கேன் இல்லாமல் டாக்டருக்கே தெரியாது. கசிவில் ஆஸ்பிரின் கெடுதல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்குக் கழுத்துத் தமனி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்றும் தெரியாது. கடுமையான சுருக்கமாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதில்தான் அதிகப் பலன். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கு ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்து வேண்டும். ஒரே ஒரு ஈசிஜியில் அந்தத் துடிப்புக் கோளாறு பிடிபடாமல் போகலாம் என்பதால், நாள் முழுக்கப் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது. சிடி நார்மல் என்று கேட்டதும் நிம்மதியாக வீடு திரும்பிவிடவும் கூடாது. கசிவு இல்லை என்பதைத்தான் சிடி உறுதியாகச் சொல்கிறது. சின்ன அடைப்பு அதில் தெரியாமலே போகும்.

ஒவ்வொரு தலைசுற்றலும் பக்கவாதம் அல்ல, அதுவும் உண்மை. வெறும் மயக்கம், இரண்டு கையிலும் மதமதப்பு, மெல்ல மெல்லப் பரவி வரும் ஒற்றைத் தலைவலி மினுமினுப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். பயப்பட வேண்டியது நொடியில் வந்து, எதையாவது பறிப்பது: உடம்பின் ஒரு பக்கத்து பலம், பேச்சு, ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோலப் பார்வை. சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் உடனே பார்த்துவிடுங்கள்; சர்க்கரை இறங்கினாலும் கை இப்படி விழும். மற்றபடி வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, இருபத்துநாலு மணி நேரமும் சிடி ஓடும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேச்சு குழறுபவருக்குத் தண்ணீரோ காபியோ கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கும். பிரஷரை இறக்குகிறேன் என்று நாக்கடியில் மாத்திரை வைப்பதையும் அறவே விட வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென விழுந்தால் அடைபட்ட பகுதிக்குக் கிடைக்கும் கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். உடனே போவதில் இன்னொரு லாபம் உண்டு: மருத்துவமனையில் இருக்கும்போதே மறுபடி வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரத்தில் ஒரு நிமிடமும் வீணாகாது.

செலவைப் பற்றிய தயக்கத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் இதில் நீண்ட காலம் காப்பாற்றும் மருந்துகளில் பல விலை மலிவானவை, அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பவை. பக்கவாதமோ டிஐஏவோ வந்த 6,105 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், மேல் அளவில் வெறும் 9 புள்ளி ரத்த அழுத்தம் குறைந்ததற்கே மறு பக்கவாதம் 28 சதவீதம் குறைந்தது. அந்தப் பலன் மாத்திரையை நிறுத்தாதவருக்குத்தான். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. “இப்பதான் நார்மலா இருக்கே” என்று அதை நிறுத்துகிறவர்களே அதிகம். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து எழுதியிருந்தால், இரண்டையும் எத்தனை நாள், பிறகு எது மட்டும் என்று தேதியோடு கேட்டு எழுதி வாங்குங்கள். பலருக்கும் இரண்டும் சேர்ந்து மூன்று வாரம் போதும். அதற்கு மேல் நீண்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், எதுவும் இல்லாமல் நின்றுபோனால் அடைப்பு திரும்பும்.