பெருநாள் பயணமும் நஷ்ட ஈட்டு உரிமையும்

நோன்புப் பெருநாள் நெருங்கும் தினங்களில் நம் வர்த்தகர்களின் நிலை எப்படியிருக்கும் என்பதை யாவரும் அறிவர். வருடத்தின் பெரும் வியாபாரம் அந்தக் கடைசிப் பத்து நாட்களில்தான் நடக்கிறது. பகலெல்லாம் நோன்பு, தராவீஹ் தொழுகைக்குப் பின்னும் கடை, ஸஹருக்கு எழுந்த பிறகு தூக்கம் என்பது பெயரளவில்தான். பெருநாள் இரவில் நள்ளிரவு வரை துணியும் பலகாரமும் விற்று, கல்லாவைப் பூட்டி, மனைவி மக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, "ஸுபுஹுக்கு உம்மா வீட்டில் இருக்க வேண்டும்" என்று கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் புறப்படுகிறோம். தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரோ பத்து நாட்களாகச் சரியாகத் தூங்காதவர்.

இந்தப் பயணத்தில் உள்ள ஆபத்தையும், விபத்து நேர்ந்துவிட்டால் சட்டம் தரும் நஷ்ட ஈட்டு உரிமையை எப்படிக் காத்துக்கொள்வது என்பதையும் பாடமாக எடுத்துச் சொல்வதே நமது நோக்கம்.

முதற் பாடம்: புறப்படுமுன்

பெருநாட் காலத்தில் போலீஸார் சாலைகளில் "ஓப்ஸ் செலாமாட்" என்னும் விசேஷ நடவடிக்கையை மேற்கொள்கின்றனர். பெருநாளை ஒட்டிய சில தினங்களில் கனரக சரக்கு லாரிகளுக்குத் தடை விதிப்பதும் உண்டு. ஆனால் காரோட்டியின் தூக்கத்தை எந்தச் சர்க்காராலும் தடுக்க முடியாது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுபவர் இரண்டு விநாடி கண்ணயர்ந்தால் 60 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த அறுபது மீட்டரும் கார் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது.

ஆகவே கடை மூடிய இரவே புறப்படாதீர்கள். ஐந்தாறு மணி நேரம் தூங்கிய பிறகு புறப்பட்டால் பெருநாள் தொழுகையை இங்கேயே முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊர் சேரலாம். உம்மாவுக்குச் சற்று வருத்தம் இருக்கும், அவ்வளவுதான். வழியில் கண் சொருகினால் தாப்பா, சுங்கை பேராக் போன்ற ஓய்விடங்களில் காரை நிறுத்துங்கள். பெருநாளுக்கு முன் பயணம் செய்வோர், நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடு சேரவேண்டும் என்று விரைவதைக் கைவிட்டு, பேரீச்சம்பழமும் தண்ணீரும் காரிலேயே வைத்துக்கொள்வது நலம்.

பின் ஆசனத்தில் இருப்போரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு முதல் சட்டம். அணியாதவர் காயமுற்றால், காயத்தில் அவருக்கும் பங்குண்டு என்று எதிர்த்தரப்பு வாதாடும். 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவுக்கு ஏற்ப நஷ்ட ஈட்டைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமான தனியார் கார் இன்ஷூரன்ஸ், அதே காரில் பயணம் செய்வோர் தொடுக்கும் நஷ்ட ஈட்டுக் கோரிக்கையை ஏற்பதில்லை. அதற்கென்று கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பிரிவு தனியே உண்டு. அப்பிரிவில் குடும்பத்தாரும் அடங்குவரா என்று ஏஜெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைச் சரக்கு வேனில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர், அந்த உபயோகத்திற்குப் பத்திரம் இடமளிக்கிறதா என்றும் அவசியம் கேட்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: முதல் 24 மணி நேரம்

இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் விபத்து நேரலாம். அப்போது முதற் கடமை உயிரைக் காப்பது. காயம்பட்டவருக்கு ஆம்புலன்ஸ் அழையுங்கள். மற்றவர்களைச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். அடுத்தது, 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்வது. "பெருநாளாயிற்றே, மூன்று நாள் கழித்துப் பார்த்துக்கொள்வோம்" என்பது இங்கே செல்லாது.

வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் படிப்பது இந்தப் புகாரைத்தான். ஆகையால் பதற்றத்தில் "என் தவறுதான்" என்று சொல்லிவிடவும் வேண்டாம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவும் வேண்டாம். எந்த இடம், எந்தத் திசை, எந்தத் தடம், எத்தனை மணி, மழையா வெயிலா, யாருக்கு எங்கே அடி என்பவற்றை உள்ளபடி சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. வாகனங்கள் நின்ற நிலை, நம்பர் பலகைகள், டயர் தடங்கள், சாலைக் கோடுகள் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். பார்த்தவர் யாரேனும் நின்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்குங்கள். அவர் போய்விட்டால் பிறகு கிடைக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் "சிறு வலிதான் டாக்டர்" என்று வீரம் பேசுவது நம்மவர்களிடம் உள்ள வழக்கம். கழுத்து வலி, தலைச்சுற்றல், விரல் மரத்துப்போதல் எதுவானாலும் முதல் நாளே சொல்லிப் பதியச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து முதுகு வலிக்கிறது என்றால், "கடையில் மூட்டை தூக்கியதால் வந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். மருந்துச் சீட்டு, ரசீது, சிகிச்சைக்குப் போய்வந்த வாடகைக் காரின் கணக்கு எதையும் எறிந்துவிட வேண்டாம்.

விபத்து ஸ்தலத்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் அழையாமலே வருகிற இடைத்தரகர்கள் சிலர் உண்டு. அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். வக்கீலை நீங்களே தேர்ந்தெடுங்கள். வழக்கில் வென்றால்தான் கட்டணம் என்று வக்கீல் பேரம் பேசுவதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. இன்ஷூரன்ஸ் தரப்பினர் ஒரு தொகையைக் கொடுத்து "முழுத் தீர்வு" என்று எழுதிய ரசீதை நீட்டினால், காயம் எவ்வளவு ஆறும் என்று டாக்டர் சொல்லும்வரை பொறுத்திருங்கள். கையெழுத்திட்ட பிறகு மேற்கொண்டு கேட்பது மிகவும் கடினம்.

மூன்றாம் பாடம்: கணக்குப் புத்தகம்

நம் வர்த்தகர்கள் பெரிதும் இழப்பது இங்கேதான். படுகாயமுற்று இனி உழைக்க இயலாதவர் எதிர்கால வருமான இழப்பைக் கோரலாம். விபத்துக்கு முன் தன் உழைப்பால் சம்பாதித்து வந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட சிவில் சட்டப்படி, வயது 19 முதல் 59 வரை உள்ளவருக்கு, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்த ஆண்டுகளுக்கு இழப்பு கணக்கிடப்படும். 45 வயது வியாபாரிக்கு ஏழரை ஆண்டு, அதாவது 90 மாதம். சொந்த வாழ்க்கைச் செலவு போக மாதம் 3,000 வெள்ளி என்று நிரூபித்தால் 2,70,000 வெள்ளி ஆகிறது. வருமானம் அதுவே ஆனாலும், கையில் உள்ள காகிதங்கள் 1,000 வெள்ளிக்கு மட்டும் சாட்சி சொன்னால் கிடைப்பது 90,000 வெள்ளி. மீதி 1,80,000 வெள்ளியை அவருடைய மனைவி மக்களிடமிருந்து பறித்தவர் எதிரே வந்த லாரிக்காரர் அல்லர்.

வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டியவர் கோர்ட்டில் கூட்டிக் காட்ட முடியாது. கல்லாப் பணத்தை மனக்கணக்கில் வைத்திருப்பவருக்குச் சாட்சி இல்லை. "வீட்டுப் பிள்ளைதானே" என்று சம்பளம் போடாமல் மகனைக் கடையில் வைத்திருக்கும் வாப்பாமார்களும் சிந்திக்க வேண்டும். அந்த மகன் அடிபட்டால், அவன் சம்பாதித்து வந்தவன் என்பதற்கு என்ன அத்தாட்சி? சம்பளம் போடுங்கள், பாங்கி வழியாகக் கொடுங்கள், சொக்ஸோவும் கட்டுங்கள்.

60 வயதைக் கடந்தவர்களுக்கு எதிர்கால வருமான இழப்பு கிடையாது. எனினும் வலி, காயம், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு அவர்களும் கோரலாம்.

காலக்கெடு

தீபகற்ப மலேசியாவில், காயத்துக்கான வழக்கை 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். மோதியது சர்க்கார் வாகனமானால் 36 மாதம். உயிரிழந்தவரின் மனைவி மக்கள், பெற்றோர் தொடுக்கும் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. சிங்கப்பூரில் காயத்துக்கான வழக்குக்கு மூன்றே ஆண்டுகள். அங்கே விபத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ஜொகூர் பாலத்தைக் கடந்து போய்வரும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

"எல்லாம் நஸீபு, வழக்கு எதற்கு?" என்று கேட்போர் நம்மில் உண்டு. விபத்து இறைவன் நாட்டம் என்று பொறுமை கொள்வது ஈமானுள்ளவரின் குணம். ஆனால் நஷ்ட ஈடு காயமுற்றவரின் உரிமை. அவர் இறந்துவிட்டால் அநாதைகளான பிள்ளைகளின் உரிமை. பிள்ளைகளின் உரிமையை வாப்பாவின் சோம்பலுக்காக விட்டுக்கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. அதே போல், இல்லாத வலியை இருப்பதாகச் சொல்லி வாங்கும் பணமும் ஹலால் ஆகாது.

ஆகவே, இந்த வருடம் கடை மூடும் இரவில் காரின் சாவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுங்கள். படுக்குமுன் அன்றைய விற்பனையைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பெருநாள் எல்லாருக்கும் நலமாக அமைய துஆச் செய்கிறோம்.