முளையும் பயிரும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் நாட்டில் வழங்கும் முதுமொழி. இதனை ஆராயாது எடுத்துரைத்தமையால் யாம் ஒரு தாயின் உள்ளத்தை வருத்த நேர்ந்தது. அவ்வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் நண்பர் மூவருடன் ஏற்காட்டிற்குச் சென்றிருந்தோம். சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் விளங்கும் அவ்வூர், காப்பித் தோட்டங்களுக்கு மட்டுமன்றிப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. 1917-ஆம் ஆண்டில் தோன்றிய மாண்ட்போர்ட் பள்ளி முதலியவற்றை நாடிச் சேய்மையிலுள்ள ஊர்களினின்றும் மாணவர் வருவர். அம்மலையில் தொன்றுதொட்டு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர் ஒன்றிற்கு ஒருநாள் நடந்து சென்றோம். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் காப்பிப் பழங்களை வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தும் அவன் திரும்பவில்லை. மருத்துவர் அவனுக்கு ஆட்டிசம் உண்டென்று கூறியதாகத் தெரிவித்த அவன் தாய், "தம்பி, நீங்க படிச்சவங்க. இவன் பள்ளிக்கூடத்துல படிப்பானுங்களா?" என்று வினவினார். விடையறியாத யாம் மேற்குறித்த முதுமொழியைச் சொல்லிவைத்தோம். அவர் முகம் வாடிற்று. மேலும் ஒன்றும் கேட்டாரல்லர்.

நிற்க. கல்லூரிக்கு மீண்டபின் அவ்வினாவிற்குரிய விடையை நூல்களில் தேடினோம். தெரிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியில் இளமை தொட்டே அமையும் வேறுபாடு. பிறரோடு கலந்து பழகுதலும், கருத்தைப் பரிமாறுதலும், மாற்றங்களை ஏற்றலும் இத்தகைய குழந்தைகளுக்கு அரியனவாகலாம். இது தாயின் வளர்ப்புக் குறையால் வருவதன்று. அமெரிக்க நாட்டு மருத்துவர் லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப்பற்றி எழுதிய கட்டுரையே இத்துறைக்கு முதற்படியாகக் கருதப்படுகிறது.

இனி, இக்குழந்தைகளுள் பள்ளியில் நன்கு கற்பார் யாவர் என்பதை இளமையிலேயே அறியக்கூடுமோ எனின், ஒருவாறு கூடும் என்பர் ஆராய்ச்சியாளர். எழுத்தையும் எண்ணையும் விரைந்து ஒப்பித்தலே சிறந்த அறிகுறி என்று நாம் எண்ணுவோம். அஃது அத்துணை உறுதியுடையதன்று. எழுத்துக்கூட்டிப் பிழையறப் படித்தும் பொருளுணராது இடர்ப்படும் ஆட்டிசக் குழந்தைகள் பலர் உளர். ஐந்து வயதிற்குள் தன் தேவையைச் சொல்லால் உணர்த்தல், பேச்சின்றியே புதிர்ப்படங்களைப் பொருத்தும் அறிவுத்திறன், பிறர் செய்வதைக் கண்டு தானும் செய்தல், ஒன்றை மற்றொன்றாகப் பாவித்து விளையாடல் என்பவை அவற்றினும் பொருளுடைய அறிகுறிகளாம்.

இவற்றோடு எண்ணத்தக்க மற்றொன்று கூட்டுநோக்கு. தாய் நிலவைச் சுட்டினால் குழந்தை அவள் விரலை விட்டு நிலவைக் காண்கிறது. தான் கண்ட வியப்பை அவளுக்குக் காட்டி, அவள் முகத்தையும் நோக்குகிறது. இருவர் கருத்தும் ஒரு பொருளில் கூடும் இவ்விடத்தேதான் சொற்கள் பொருள் பெறுகின்றன. இது மிகுதியாகவுள்ள ஆட்டிசக் குழந்தைகளிடம் பின்னர் மொழி வளர்ச்சியும் மிகுதல் ஆய்வுகளில் காணப்பட்டது. பள்ளியோ ஆசிரியர் சுட்டுவதை நோக்கிக் கற்கும் இடமன்றோ?

இதனைப் படித்தபொழுது எமக்கு ஒன்று நினைவிற்கு வந்தது. அச்சிறுவன் பச்சைக் காய்களினிடையே கிடந்த செம்பழம் ஒன்றை எடுத்துத் தாயின் கண்முன் நீட்டி, அவர் முகத்தை ஒருகணம் பார்த்து, மீண்டும் வரிசையில் வைத்தான். யாம் அதனைக் கண்டும் பொருட்படுத்தினோமில்லை. அந்த ஒரு செய்கையைக்கொண்டு அவன் வருங்காலத்தை அளந்துரைத்தல் ஆகாது. ஆயினும் அது முளையன்று என்று சொல்லவும் ஆகாது.

இனி, அறிகுறியே விதியாகுமோ எனின், ஆகாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 3, 4 வயதுடைய 58 ஆட்டிசக் குழந்தைகளைக்கொண்டு நடத்திய ஆய்வொன்று 2006-இல் வெளியாயிற்று. அவர்களுள் சிலருக்குக் கூட்டுநோக்கும் சிலருக்குப் பாவனை விளையாட்டும் நாள்தோறும் அரைமணி நேரம், ஐந்தாறு வாரம் பயிற்றினர். பயிற்சி பெற்றார் அத்திறனில் வளர்ந்தனர்; ஓராண்டு கழித்து நோக்கியபொழுது, பெறாதாரினும் மொழியில் முன்னேறியிருந்தனர். 2018-இல் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வு, மூன்று வயதிற்குள் பெற்றோர் தாமே பயிற்சியில் பங்குகொண்ட குழந்தைகள் ஒன்பது வயதில் கல்வியில் மேம்பட்டிருந்ததைக் காட்டிற்று. கோவாவிலும் பாகிஸ்தானத்து ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களிடை நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிறப்புப் பட்டம் பெறாத ஊழியரே பெற்றோர்க்குப் பயிற்சி அளித்தனர். அக்குழந்தைகள் தாமாகவே பெற்றோரை நாடித் தம் கருத்தைத் தெரிவித்தல் மிகுந்தது. இதனால் பெருநகரத்து மருத்துவமனை எட்டாத மலையூரிலும் உதவி இயலும் என்பது பெறப்படும்.

கானர் கண்ட முதற் குழந்தையாகிய டொனால்டு டிரிப்லெட்டின் வரலாறும் இதற்குச் சான்று. எதையும் எண்ணும் வேட்கையுடைய அவரைப் பெற்றோர் ஓர் உழவர் குடும்பத்தில் விட்டனர். அவ்வுழவர் அவ்வேட்கையை அடக்காது, உழுதுகொண்டே சோள வரிசைகளை எண்ணுமாறு பணித்தார். அங்கிருந்த சிற்றூர்ப் பள்ளி அவருடைய இயல்பைப் பொறுத்துக் கற்பித்தது. டொனால்டு 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்று, வங்கியில் பணிபுரிந்து, 2023-இல் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். அப்பதினொருவருள் அரசாங்க விடுதிகளில் அடைக்கப்பட்டோர் முன்னிருந்த திறனையும் இழந்தனர் என்று 1971-இல் கானரே எழுதினார். எனவே குழந்தையை மட்டும் நோக்கி முன்கூறல் பாதி அறிவே; அதனை ஏற்கும் ஊரையும் பள்ளியையும் நோக்கல் மறுபாதி.

நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் அங்கன்வாடிகளிலேயே வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து, மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன்பாற் கொண்டு, சான்று பெற்ற சிறார்க்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. ஆகலின் "படிப்பானா?" என்று அஞ்சிக் கேட்க வேண்டியவர் தாயல்லர், "எவ்வாறு படிப்பிப்போம்?" என்று கேட்கக் கடமைப்பட்டவர் நாமே.

சேர்வராயன் மலையில் காப்பி வளர்ப்போர் இளநாற்றை வெயிலில் விட்டு அதன் விதியைக் கணிப்பதில்லை. நிழலமைத்து, நீர்வார்த்துப் பேணுகின்றனர். முளையிற் தெரிவது பயிரின் முடிவன்று. அதற்கு வேண்டும் நிழலின் அளவே. வரும் விடுமுறையில் மீண்டும் அச்சிற்றூர்க்குச் செல்லக் கருதியுள்ளோம். அத்தாயிடம் யாம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்று, அவர் மகன் நீட்டிய செம்பழத்தைப்பற்றிச் சொல்லுதல் எமது கடன்.