அனுமதிச் சீட்டு வந்த பிறகே டிக்கெட்!

கேள்வி: ரஷ்யாவின் டுடின்கா துறைமுகத்துக்கு என் கணவரை பிப்ரவரியில் இரண்டு மாத வேலைக்கு அனுப்புகிறார்கள். விசா மட்டும் போதுமா? குளிரைத் தாங்க முடியுமா?

பதில்: விசா போதாது, சகோதரி. டுடின்காவும் பக்கத்து நோரில்ஸ்க்கும் 2001 முதல் வெளிநாட்டினருக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. அழைக்கும் நிறுவனம்தான் தனி அனுமதி வாங்கித் தர வேண்டும். அது கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்கவே வேண்டாம். வெளியிலிருந்து சாலையோ ரயிலோ கிடையாது. விமானத்தில் அலிகெல் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகப் போக வேண்டும். பனிப்புயல் வந்தால் அதையும் மூடிவிடுவார்கள். திரும்பும் பயணத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குளிர் மைனஸ் 30, 40 வரை போகும். ஆனால் வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் பனியனோடு உட்காரலாம். அதனால் ஒரே தடித்த கோட்டை நம்பாமல், கழற்றி மாட்ட வசதியாக அடுக்கடுக்கான உடைகள் வேண்டும். செல்போனை உள்சட்டைப் பையில் வைக்கட்டும், வெளியே எடுத்தால் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். இங்குள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 முதல் ரஷ்யாவில் செல்லாது. ரொக்கம் அவசியம். காய்கறி விலை அதிகம். பருப்புப்பொடி தாராளமாகக் கட்டிக்கொடுங்கள்.

வேலை மே கடைசி வரை இழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். அப்போது எனிசெய் ஆற்றுப் பனி உடைந்து துறைமுகமே மூழ்கும். கிரேன்களையே மேட்டுக்கு நகர்த்திவிடுவார்கள்.