முதுமையில் ஒரு வீடு

முதுமை எல்லோருக்கும் வரும். இன்று நம் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். நாளை நாமே பாட்டி ஆவோம், தாத்தா ஆவோம். அப்போது நாம் எங்கே இருப்போம்? யார் நம்மைப் பார்த்துக்கொள்வார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கும் அதிகம். முன்பு கூட்டுக் குடும்பம் இருந்தது. பெரியவர்களைப் பார்க்க வீட்டில் ஆள் இருந்தது. இன்று மகன் ஓர் ஊரில் வேலை செய்கிறார். மகள் வேறு ஊரில் இருக்கிறார். மருமகளும் வேலைக்குப் போகிறார். பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனால் பல ஊர்களில் முதியோர் இல்லங்கள் வந்துவிட்டன.

இல்லங்கள் எத்தனை வகை?

முதியோர் இல்லங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. கல்கத்தாவில் கிறித்தவக் கன்னியர்கள் 1882-இலேயே ஏழை முதியவர்களுக்காக ஓர் இல்லம் தொடங்கினார்கள். இன்று மூன்று வகை இல்லங்கள் இருக்கின்றன.

ஒன்று, இலவச இல்லம். ஆதரவு இல்லாத ஏழைகளுக்கு உரியது. அரசு உதவியிலும் நன்கொடையிலும் நடக்கிறது.

இரண்டு, கட்டண இல்லம். மாதா மாதம் பணம் கட்ட வேண்டும்.

மூன்று, முதியோர் குடியிருப்பு. பெங்களூர், கோயம்புத்தூர், புனே போன்ற ஊர்களில் இவை நிறைய இருக்கின்றன. தனி வீடு இருக்கும். பொதுச் சமையல் இருக்கும். நர்சு இருப்பார். இதற்குப் பெரிய தொகை வேண்டும்.

இல்லத்தில் இருப்பவர்கள் சொல்வது

நான் எழுத்தறிவுத் தொண்டர். பெங்களூரில் ஓர் இலவச இல்லத்தில் வாரம் மூன்று நாள் வகுப்பு எடுத்தேன். அங்கே கன்னடம், தமிழ், தெலுங்கு பேசுகிற பெரியவர்கள் சேர்ந்து இருக்கிறார்கள். எந்தப் பாட்டியையும் எல்லோரும் 'அஜ்ஜி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது கன்னடச் சொல்.

ஒரு பெரியவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பிறகு பெங்களூருக்கு வந்து காவலாளி வேலை பார்த்தார். மனைவி இறந்துவிட்டார். மகனுக்கு ஒரே அறைதான் வீடு. அதில் ஐந்து பேர்.

"நானேதான் இங்க வந்தேன் தம்பி. பேத்தி பெரியவளாயிட்டா. அவளுக்குப் படுக்க இடம் வேணும். இங்க சோறு நேரத்துக்கு வருது. மாத்திரை கொடுக்கிறாங்க. சாயங்காலம் ஆனாத்தான் வீட்டு ஞாபகம் வரும்" என்றார்.

இன்னொரு அம்மா சொன்னார்: "வீட்டுல ஒரு டம்ளர் காப்பி கேட்டாலும் பேச்சு கேக்கணும். இங்க யாரும் திட்டுறதில்ல. என் துணியை நானே துவைச்சுக்கிறேன். கீரை ஆய்ஞ்சு கொடுக்கிறேன். நிம்மதியா இருக்கேன்."

குறைகளும் உண்டு. பல்லுக்கும் வயிற்றுக்கும் ஏற்ற மாதிரி சமையல் இருப்பதில்லை. ஒரே அறையில் பத்துப் பேர். ஒருவர் இரவு முழுக்க இருமினால் பத்துப் பேருக்கும் தூக்கம் இல்லை.

சிலர் பிறந்த நாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட வருகிறார்கள். அது நல்ல செயல்தான். ஆனால் வந்ததும் போட்டோ எடுக்கிறார்கள். இலையைப் போட்டுவிட்டு, போட்டோ முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். "பாயசம் நல்லா இருந்தது. ஆனா ஒருத்தரும் என் பேரைக் கேக்கல" என்றார் ஓர் அஜ்ஜி.

நாம் ஓர் இல்லத்துக்குப் போனால் பெயரைக் கேட்போம். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவோம்.

குடும்பத்தார் சொல்வது

பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை.

ஒரு மகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். அவருடைய அம்மாவுக்கு மறதி நோய். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார். தெருவில் இறங்கி நடந்தால் திரும்பி வர வழி தெரியாது. இரண்டு முறை காணாமல் போய்விட்டார்.

"கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போனேன். உள்ள இருந்து அம்மா கத்துறதை அக்கம்பக்கத்துல சொன்னாங்க. வேலையை விட்டா சோறு இல்ல. அதனால இங்க சேர்த்தேன். பெத்தவளைத் தள்ளிட்டான்னு ஊரே பேசுது. பூட்டி வெச்சப்போ யாரும் பேசல" என்றார் அவர்.

அந்த மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். அம்மாவுக்குத் தலை வாரி விடுவார். அம்மாவுக்கு அவர் பெயர் நினைவில் இல்லை. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்.

வேறு சில பிள்ளைகளும் உண்டு. சேர்த்த அன்று வந்தவர்கள் மறுபடி வரவில்லை. கொடுத்த போன் எண்ணையும் மாற்றிவிட்டார்கள்.

பத்திரத்தில் இல்லாத வார்த்தை

என் வகுப்பில் ஓர் அஜ்ஜி இருந்தார். வயது 71. வீட்டு வேலை செய்து, ஒரு சின்ன வீடு கட்டினார். ஒரு நாள் மகன் அவரைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

"உன்னை நான் கடைசி வரைக்கும் பாத்துக்கிறேம்மா. வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடு" என்று கேட்டார். அம்மா நம்பினார். கைநாட்டு வைத்தார். அது தானப் பத்திரம். ஓர் ஆண்டு கழித்து அவர் இந்த இல்லத்துக்கு வந்துவிட்டார்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு பாடத்தில் 'தானப் பத்திரம்' என்ற சொல் வந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். "இதைத்தான் நான் கொடுத்தேன்" என்றார்.

பெற்றோரைக் காப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்று இல்லப் பொறுப்பாளர் சொன்னார். வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். "மனு கொடு" என்றார்கள் சிலர். "பெத்த பிள்ளை மேலயே கேஸா?" என்றார்கள் சிலர். அஜ்ஜி இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வந்து, "அவனை ஜெயில்ல போட வேணாம். எனக்கு மருந்துச் செலவுக்குக் கொடுக்கட்டும். மாசம் ஒரு தடவை வந்து பாக்கட்டும். அதை எழுதுங்க" என்றார். மனுவின் கீழே தன் பெயரைத் தானே எழுதினார்.

அதிகாரி இருவரையும் அழைத்தார். பத்திரத்தைப் படித்துப் பார்த்தார். 'அம்மாவைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை அதில் இல்லை. மகன் வாயால் சொன்னதைத் தாளில் எழுதவில்லை. அதனால் வீட்டைத் திரும்பப் பெறுவது கடினம் என்றார். ஆனால் பராமரிப்புத் தொகை கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். சமரசம் பேசினார்கள். மாதம் 3,000 ரூபாய் கொடுக்க மகன் ஒப்புக்கொண்டார். இந்த முறை அது எழுத்தில் இருந்தது.

முதல் மாதம் மகன் பணத்தைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது மாதம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் என்பது இதன் பெயர். இதன் முக்கியமான விவரங்கள்:

1. தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி எல்லோருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாத முதியவர், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாகப் பெறப்போகிற உறவினரிடம் கேட்கலாம்.

2. இதற்கென்று தீர்ப்பாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. இதை விசாரிக்கிறார். கர்நாடகத்தில் உதவி ஆணையர் விசாரிக்கிறார். வக்கீல் தேவையில்லை. மனு எழுத முடியாதவருக்காக வேறொருவரோ ஓர் அமைப்போ மனு கொடுக்கலாம்.

3. மாதப் பராமரிப்புத் தொகைக்கு மாநில அரசு ஓர் உச்ச அளவு வைக்கும். சட்டத்தின்படி அது 10,000 ரூபாய் வரை இருக்கலாம்.

4. 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.

5. பார்த்துக்கொள்ள வேண்டியவரே முதியவரைக் கைவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். மகன் கவனிக்கவில்லை. நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்து, சொத்தைத் தாயிடமே கொடுக்கச் சொன்னது. கடைசி வரை காப்பாற்றுவேன் என்று மகன் எழுதிக் கொடுத்த தாள் அந்தத் தாயிடம் இருந்தது.

எனவே, வாய்ப்பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால், "இன்னொரு தடவை படிங்க" என்று கேளுங்கள்.

இல்லத்தில் சேரும் முன்

முதலில் நேரில் போய்ப் பாருங்கள். சேரப்போகிற பெரியவரையும் அழைத்துப் போங்கள். அவர் சம்மதம்தான் முக்கியம். சாப்பாட்டு நேரத்தில் போனால் சாப்பாட்டையும் பார்க்கலாம். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? இரவில் உதவிக்கு ஆள் உண்டா? உடம்பு சரியில்லை என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள்? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா? இவற்றை எல்லாம் கேளுங்கள்.

முன்பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

உதவி வேண்டுமானால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதும் உள்ள முதியோர் உதவி எண். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். கட்டணம் இல்லை.

தெரிந்துகொள்வோம்

தானப் பத்திரம் – விலை வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்
நிபந்தனை – 'இப்படிச் செய்தால்தான்' என்று விதிக்கும் கட்டுப்பாடு
பராமரிப்பு – உணவு, உடை, இடம், மருத்துவம் கொடுத்துக் காப்பது
சமரசம் – இரு பக்கமும் பேசி ஒத்துப்போவது

கூடிப் பேசுவோம்

1. அஜ்ஜி மகன்மேல் மனு கொடுத்தது சரியா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?
2. தையல் வேலை செய்யும் அந்த மகளைப் பற்றி ஊர் பேசியது நியாயமா? ஊர் அவருக்கு எப்படி உதவியிருக்கலாம்?
3. உங்கள் தெருவில் பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார்? அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

எழுதிப் பார்ப்போம்

14567 என்ற எண்ணை நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் உள்ள ஒரு பத்திரத்தையோ ரசீதையோ எடுத்து, அதில் உள்ள பெயர், தேதி, தொகை மூன்றையும் படித்து எழுதுங்கள்.