கொல்லைப்புற ஹெர்குலிஸும் அசையாத செயினும்

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக் கொல்லையில், கிணற்றடி ஓரமாக அப்பாவின் ஹெர்குலிஸ் 12 ஆண்டுகள் சாய்ந்து கிடந்தது. காவிரிப் பாலம் ஏறி இறங்கி, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு அவர் தினமும் போய்வந்த வண்டி. பையனுக்குச் சைக்கிள் பழக்கலாமென்று தூசி தட்டினால், பெடல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. செயின் துருப்பிடித்து ஒரே கம்பியாகிவிட்டிருந்தது.

நான் செய்த முதல் தப்பு, செயினைக் கழற்ற எடுத்தவுடனே கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்தது. இரண்டாவது தப்பு, பலத்தை நம்பியது. பிளேயர் வழுக்கி முட்டித்தோல் உரிந்ததுதான் மிச்சம். திருவானைக்காவல் பக்கம் ஒரு சைக்கிள் கடைப் பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். “முதல்ல பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னாடி தள்ளுங்க தம்பி. இழுத்துப் பிடிச்சிருக்கிற செயின்ல லாக் எப்படிங்க வரும்?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவர் சொன்னபடி டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து, பழைய பல்துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து ஓரிரவு ஊற விட்டேன். (தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், நாளாவட்டத்தில் அது பிசினாகும்.) காலையில் பெடல் கறகறவென்று சுற்றியது. மெல்லச் சுற்றிக்கொண்டே பார்த்தால், ஒரே ஒரு கண்ணியில் மட்டும் மீன் வடிவத்தில் ஒரு பட்டை தெரியும். அதுதான் செயின் லாக். பிளேயரின் ஒரு முனையைப் பட்டையின் பிளந்த வாலிலும், மறுமுனையைப் பக்கத்து ஆணியிலும் வைத்து அழுத்தினால் பட்டை முன்னால் நழுவும். மேலே துணி போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தெறித்துக் கிணற்றுக்குள் போய்விடும்.

என் லாக் அதற்கும் மசியவில்லை. அரை மணி நேரம் போராடிய பிறகுதான் உறைத்தது, தூக்கி எறியப்போகும் செயினுக்கு எதற்கு இந்த மரியாதை? அடியில் மரக்கட்டை கொடுத்து, ஹாக்சா பிளேடால் ஒரு வெளித்தகட்டை அறுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அறுந்த செயினை உடனே உருவிவிடாதீர்கள். முழு செயின் கவர் உள்ள பழைய வண்டிகளில் புதுச் செயினை உள்ளே விடுவது பெரிய சள்ளை. பழைய செயினின் வாலில் புதுச் செயினை மெல்லிய கம்பியால் கட்டி இழுத்தால், கவரைக் கழற்றாமலே புதியது உள்ளே ஓடிவிடும். மாட்டும்போது லாக் பட்டையின் மூடிய தலை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஓட்டத்தில் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும்.

கழற்றிய செயினை நீட்டிவைத்து அளந்தேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். இது கால் அங்குலம் கூடுதல். அவ்வளவு நீண்ட செயின் ஃப்ரீவீல் பற்களையும் தின்றிருக்கும். புதுச் செயின் இரண்டே நாளில் துள்ள ஆரம்பித்தது. ஃப்ரீவீலையும் மாற்ற வேண்டியதாயிற்று.