பழைய மலர்களைக் காக்க ஒரு பெயர்ப்பட்டியல்



திருவிழாக் காலத்தில் நூறு பேர் அர்ச்சனைக்கு நின்று ஒவ்வொருவராகப் பெயரும் நட்சத்திரமும் சொன்னால், சிலர் விடுபட்டே போவர். அதனால் பட்டியலை முன்னரே எழுதிக் குருக்களிடம் கொடுக்கிறோம். அவர் அதைப் பார்த்துச் சங்கற்பம் செய்கிறார். கணினிக்கும் இதே வழி உண்டு.

1978 நவம்பர் 23 சூறாவளியும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் எமது பகுதியில் ஆட்களையும் வீடுகளையும் மட்டுமல்ல, ஏடுகளையும் கொண்டுபோயின. எஞ்சிய ஆலய மலர்களையாவது எழுத்துவடிவில் கணினியில் சேர்க்க விரும்பினோம்.

படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தரும் டெசரக்ட் என்னும் மென்பொருள் இலவசமானது. 1985 முதல் 1994 வரை எச்.பி. நிறுவனத்தில் உருவாகி, 2005இல் எல்லோருக்குமாகத் திறந்துவிடப்பட்டது. இது தமிழையும் வாசிக்கும். இதற்குக் கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். முதற்சொல் மென்பொருளின் பெயர். அடுத்து வாசிக்க வேண்டிய படம், விடையை எழுத வேண்டிய கோப்பு, மொழி என்பன வரும்.

ஒரு மலரில் நூற்றைம்பது பக்கம் இருந்தால் நூற்றைம்பது முறை தட்டச்சுச் செய்வதா? எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதவும் எல்லை உண்டு. விண்டோஸ் கட்டளைச் சாளரம் ஒரு வரியில் 8191 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது.

வழி இதுதான். படங்களின் பெயர்களை, வரிக்கு ஒன்றாக, ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதுக. கட்டளையில் படத்தின் பெயருக்குப் பதிலாக அப்பட்டியலின் பெயரைக் கொடுக்க, டெசரக்ட் வரிசைப்படி வாசித்து ஒரே கோப்பில் சேர்த்துத் தரும். நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் ஜி.சி.சி., ஜாவா தொகுப்பிகளிலும் இவ்வசதி உண்டு. அங்கே கோப்பின் பெயருக்கு முன் மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியை இடுவர்.

கவனிக்க வேண்டியவை:

1. பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அளவிலாவது ஸ்கான் செய்க.

2. பக்க இலக்கத்தை 001, 002 என மூன்று இலக்கத்தில் எழுதுக. நான் வெறுமனே 1, 2 என்று பெயரிட்டேன். கணினி பட்டியலிட்டபோது 1க்குப் பின் 10 வந்து, மலர் முழுவதும் தலைகீழானது.

3. பெயரில் இடைவெளி விடாதீர். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அப்பக்கம் அகப்படாது.

4. வந்த எழுத்தை மூலத்துடன் ஒப்புநோக்குக. பழைய அச்சில் பிழைகள் வரும்.

அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் நான் கற்ற பாடம் ஒன்று. வாய்ச்சொல் மறையும், கோவையில் இருப்பது நிற்கும். தட்டச்சுச் செய்த கட்டளையும் சாளரத்தை மூடினால் போய்விடும். பட்டியல் இருந்தால், எந்தப் பக்கம் சேர்ந்தது, எது விடுபட்டது என்பதை நாளை வேறொருவரும் சரிபார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எமக்குப் பின் இப்பொறுப்பை ஏற்கும் பிள்ளைகளுக்கு அதுவே வழித்துணை.

வீட்டுப் பெட்டகத்தில் பழைய மலர் வைத்திருப்போர் தயவுசெய்து ஆலயத்தில் தந்துதவுங்கள். படியெடுத்தபின் பத்திரமாகத் திருப்பித் தருவோம். கணினி படித்த இளைஞர்களும் ஒரு மாலைப்பொழுது வந்து கைகொடுத்தால் பணி விரைவில் நிறைவுறும்.